பெயர்களை எண்ணிய பேராசிரியர்

வரலாறு என்றவுடன் நம் நினைவில் முதலில் எழுபவை போர்க்களங்களும் முடிசூட்டு விழாக்களுமே. பள்ளிப் பருவத்தில் நாம் மனப்பாடம் செய்தவை அரசர்களின் பெயர்களும் அவர்கள் ஆண்ட ஆண்டுகளுமே அல்லவா? அந்த நீண்ட வரிசையில் ஏர் பிடித்தவனுக்கும் உலை வைத்தவளுக்கும் இடம் கிடைப்பதில்லை. அவர்களுக்கும் வரலாற்றில் இடம் உண்டு என்பதை நம் கோயிற் சுவர்களில் உள்ள கல்வெட்டுகளைக் கொண்டே மெய்ப்பித்த ஒரு பேராசிரியர் நம் காலத்தில் வாழ்ந்தார். அவர் தமிழர் அல்லர், இந்தியரும் அல்லர். ஜப்பான் நாட்டின் டோக்கியோ நகரில் 1933 ஏப்ரல் 24-இல் பிறந்து, தமிழகத்தின் வரலாற்றுக்கே தம் வாழ்நாளைத் தந்து, 2015 நவம்பர் 26-இல் தம் 82-ஆம் வயதில் மறைந்த பேராசிரியர் நொபுரு கராஷிமா அவர். அந்த அறிஞரின் வாழ்வை, அவர் துணைவியாரையும் சேர்த்து, இங்கே நினைவுகூர விழைகின்றேன்.

தேனி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள பொட்டிப்புரத்தைச் சேர்ந்தவன் நான். பள்ளியில் சமூக அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவன். இந்தச் சிற்றூரில் இருந்துகொண்டு டோக்கியோப் பேராசிரியரை நினைப்பானேன் என்று கேட்கலாம். என் ஊரே அதற்கு விடை சொல்லும்.

எங்கள் ஊரின் பெயர் நாளிதழ்களின் முதற்பக்கத்துக்கு வந்தது நியூட்ரினோ ஆய்வகத்தால்தான். எங்கள் மலையைக் குடைந்து, பாறைக்கு அடியில் அந்த ஆய்வகத்தை அமைக்கும் திட்டத்துக்கு மத்திய அரசு 2015-இல் ஒப்புதல் அளித்தது. ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய்த் திட்டம் அது. ஆதரவும் எதிர்ப்பும் எழுந்தன, வழக்குகள் நடந்தன, 2022-இல் தமிழக அரசு, இத்திட்டத்துக்கு இசைய இயலாது என்று உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. அந்த ஆண்டுகளில் வெளியூர் செல்லும்போதெல்லாம், 'ஓ, நியூட்ரினோ ஊரா?' என்றே என்னைக் கேட்டனர். பெரிய ஒன்று வந்து தொட்டால்தான் ஒரு சிற்றூருக்குப் பெயர் உண்டு என்று உலகம் எண்ணுகிறது. அவ்வாறு எண்ணாத ஒருவர் எழுதிய கட்டுரை ஒன்றினால்தான் கராஷிமா என்னும் பெயர் என் உள்ளத்தில் நிலைத்தது.

1966-இல் வெளியான அக்கட்டுரை இரண்டு சிற்றூர்களைப் பற்றியது. திருச்சிராப்பள்ளிக்கு அருகே காவிரியின் தென்கரையில் உள்ள அல்லூர் ஒன்று; ஈசானமங்கலம் மற்றொன்று. போர் நடந்த இடங்களும் அல்ல, தலைநகர்களும் அல்ல. சோழர் காலத்தில் இவ்விரண்டு ஊர்களிலும் நிலத்தை யார் விற்றார்கள், யார் வாங்கினார்கள், யார் உழுதார்கள் என்பதைக் கல்வெட்டு கல்வெட்டாகப் படித்து அவர் ஒப்பிட்டார். அல்லூரில் நிலத்தை விற்றவர்கள் 'ஊரார்' என்னும் கூட்டத்தார். நிலம் அவர்களுக்குப் பொதுவாக இருந்தது. உடைமையாளரே பெரும்பாலும் உழவராகவும் இருந்தனர். ஈசானமங்கலமோ பிராமணர்க்கு வழங்கப்பட்ட பிரமதேயம். அங்கே தனித்தனி மனிதர் தத்தம் நிலத்தை விற்றனர். உடையவர் வேறு, உழுதவர் வேறு. கூப்பிடு தூரத்தில் உள்ள இரண்டு ஊர்களில் இரண்டு வகையான சமுதாயங்கள்! தமிழகத்துச் சிற்றூர் என்றால் எங்கும் ஒரே அச்சில் வார்த்தது என்ற எண்ணம் அந்தச் சில பக்கங்களில் தகர்ந்துபோயிற்று.

அவர் அதோடு நிற்கவில்லை. பிற்காலச் சோழர் ஆட்சியில் காவிரியின் கீழ்ப்பகுதியில் தனியார் நிலவுடைமை பெருகியதையும், சிலர் கையில் நிலம் குவிந்ததையும், ஊர்ப்பொதுமை தளர்ந்ததையும் கல்வெட்டுச் சான்றுகளோடு தொடர்ந்து காட்டினார். 1984-இல் ஆக்ஸ்போர்டு பதிப்பகம் வெளியிட்ட, தென்னிந்திய வரலாறும் சமுதாயமும் பற்றிய அவருடைய நூல், கி.பி. 850 முதல் 1800 வரையிலான கல்வெட்டுகளை இந்த நோக்கில் ஆராய்கின்றது. விசயநகர ஆட்சிக்காலச் சமுதாயத்தைப் பற்றிய நூல் 1992-இல் வந்தது. அவருக்கு முன் பேராசிரியர் நீலகண்ட சாஸ்திரியார் சோழர் வரலாற்றுக்கு அடித்தளம் இட்டிருந்தார். அமெரிக்கரான பர்ட்டன் ஸ்டைன் 1980-இல் அதற்கு முற்றிலும் மாறான கருத்தை முன்வைத்தார். வலிமை மிக்க பேரரசு என்றார் ஒருவர். தளர்வாகக் கூடிய நாடுகளின் தொகுப்பு என்றார் மற்றவர். கராஷிமா அந்த வாதத்தில் குரலை உயர்த்தவில்லை. கல்வெட்டுகளை ஒன்றிரண்டாக எடுத்துக் காட்டாமல், மொத்தமாக எண்ணிப் பார்ப்போம் என்றார்.

எண்ணினார். இங்குதான் அவர் பணியின் உயிர்நிலை இருக்கின்றது. எ. சுப்பராயலு, தோரு மத்சுயி ஆகிய இருவரோடு சேர்ந்து, சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களையெல்லாம் அவர் அகரவரிசையில் தொகுத்தார். மூன்று தொகுதிகளாக அது 1978-இல் நம் மதுரையிலேயே, சர்வோதய இலக்கியப் பண்ணை வாயிலாக வெளிவந்தது. ஆயிரக்கணக்கான பெயர்கள்! ஒவ்வொரு பெயருக்கும் அது எந்த ஊர்க் கல்வெட்டில், எந்த ஆண்டில், எந்தப் பட்டத்தோடு, எந்தத் தொழிலோடு வருகிறது என்ற குறிப்பு. இன்று இதைக் கணினி நொடியில் செய்துவிடும் என்று எண்ணலாம். ஆனால் சிதைந்த எழுத்தைப் படித்து, ஒரே மனிதன் இரண்டு இடங்களில் வருகிறானா, அல்லது ஒரே பெயருடைய இருவரா என்று துணிவது இன்றும் மனிதர் செய்ய வேண்டிய வேலையே.

இந்த எண்ணிக்கையால் கண்ட பயன் என்ன? ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கின்றேன். சோழர் கல்வெட்டுகளில் 'இன்ன ஊர் உடையான், இன்ன பெயரினன், ஆன இன்ன மூவேந்தவேளான்' என்ற அமைப்பில் பெயர்கள் வரும். முதற்பகுதி அவனுடைய ஊரையும் நிலத்தையும் காட்டும். நடுவில் உள்ளது பெற்றோர் இட்ட பெயர். இறுதியில் வருவது அரசன் கொடுத்த பட்டம். இத்தகைய பட்டங்களும், புரவுவரித் திணைக்களம் என்னும் வரித்துறையின் அலுவலர் பெயர்களும் எந்தக் காலத்தில் பெருகுகின்றன என்று எண்ணினால், முதலாம் இராசராசன் தொடங்கி முதலாம் குலோத்துங்கன் வரையிலான காலத்தில் அரசின் கை ஊர்களுக்குள் எவ்வளவு தூரம் நீண்டது என்பது தெரிந்துவிடுகின்றது. மெய்க்கீர்த்தியின் புகழுரையை நம்பியோ மறுத்தோ வாதாட வேண்டியதில்லை. சின்னஞ்சிறு அலுவலர்களின் பெயர்களே சாட்சி சொல்கின்றன.

கம்பம் பள்ளத்தாக்கில் வாழும் எங்களுக்கு இதை உணர்வது எளிது. எங்கள் ஊருக்கு அண்மையில் உள்ள சின்னமனூரில் கிடைத்த பாண்டியர் செப்பேடுகள் தமிழக வரலாற்றில் பெயர் பெற்றவை. பெரிய சின்னமனூர்ச் செப்பேடு, சிறிய சின்னமனூர்ச் செப்பேடு என இரண்டு உண்டு. பாண்டியர் மகாபாரதத்தைத் தமிழில் ஆக்குவித்ததையும் மதுரையில் சங்கம் வைத்ததையும் பெரிய செப்பேடு பேசுகின்றது. எங்கள் பள்ளத்தாக்கிலிருந்து உலகுக்குக் கிடைத்த செய்தி அது என்று நாங்கள் பெருமைப்படுவது இயல்பு. ஆனால் கராஷிமாவைப் படித்த பின், செப்பேடு என்றால் அரச குலத்தின் புகழைத் தாண்டிக் கண்கள் கீழே செல்கின்றன. கொடையைப் பெற்றவன் யார்? எல்லையாகக் குறிக்கப்பட்ட குளம் யாருடையது? பெண்யானை சுற்றி வந்து எல்லை வகுத்ததாகப் பல செப்பேடுகள் கூறுமே, அந்த எல்லைக்குள் அதுவரை உழுதுகொண்டிருந்தவர்கள் என்ன ஆனார்கள்?

எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் ஒரு பழைய கிரயப் பத்திரம் இருக்கின்றது. மூன்று குறுக்கம் மானாவாரிப் புன்செயை என் தாத்தா வாங்கியதற்கான பத்திரம். அவர் பெயர், அவர் தகப்பனார் பெயர், விற்றவர் பெயர், நான்கெல்லையிலும் உள்ள காட்டுக்காரர்களின் பெயர், சாட்சிகளின் கைந்நாட்டு எல்லாம் அதில் உண்டு. என் தகப்பனாருக்கு எழுத்து அவ்வளவாக வராது. ஆயினும் அந்தப் பத்திரத்தில் உள்ள ஒவ்வொருவரையும் அவர் அறிவார். ஓடைக்காடு, கரட்டுக்காடு என்று ஒவ்வொரு துண்டு நிலத்தையும் பெயர் சொல்லி அழைப்பார். அந்த நிலம் வாங்கப்பட்டது என் அப்பத்தாவின் நகைகளை விற்ற பணத்தில். அப்பத்தாவின் பெயர் மட்டும் அந்தப் பத்திரத்தில் எங்கும் இல்லை. என் பிள்ளைகளிடம் அதைக் காட்டி, அவர் பெயரை நான் வாயால் சொல்லித்தான் தர வேண்டியிருக்கின்றது. அவர்கள் தம் பிள்ளைகளுக்குச் சொல்லாவிட்டால், உழைத்து வாழ்ந்த ஒரு பெண் இவ்வுலகில் இருந்ததற்கான சுவடு அத்தோடு முடிந்தது.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் இராசராசன் நானூறு தளிச்சேரிப் பெண்டுகளை அமர்த்திய செய்தி உண்டு. ஒவ்வொருத்தியின் பெயர், அவள் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தாள், எந்தத் தெருவில் எத்தனையாவது வீட்டில் குடியிருந்தாள் என்றெல்லாம் அதில் வெட்டப்பட்டிருக்கின்றது. ஆளுக்கு ஒரு பங்கு. பங்குக்கு ஆண்டுதோறும் நூறு கலம் நெல். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அந்தப் பெண்களின் பெயர் நமக்குத் தெரியும். நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த நம் குடும்பத்துப் பெண்களின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? பெயர்களைத் தொகுத்த அந்த மூன்று தொகுதிகளை வெறும் அகராதியாக எண்ண என் மனம் ஒப்பாததற்கு இதுவே காரணம். மறைந்துபோன மனிதரை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைக்கும் அன்பு அதில் இருக்கின்றது.

இத்தகைய உழைப்பாளிகளைப் பற்றி நாம் ஒரு கருத்தை வளர்த்து வைத்திருக்கின்றோம். கல்வியில் மூழ்கியவருக்கு வீடு ஒரு பொருட்டன்று. மனைவி மக்கள் அவருடைய தவத்துக்கு இடையூறு. அல்லது வேளைக்குச் சோறிட்டுச் சத்தமின்றி ஒதுங்கி நிற்க வேண்டியவர்கள். கராஷிமாவின் வாழ்வு இதற்கு இசையவில்லை. 1960-களின் தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியல் பயில அவர் வந்தார். தமிழ் கற்றார்; நம் உணவுக்கும் பழகினார். அவருடைய துணைவியார் தகாகோ அம்மையாரும் இந்தியாவை அவரோடு சேர்ந்தே கற்றவர். அந்த அம்மையார் தம் பெயரிலேயே இந்திய வாழ்வைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதன் தலைப்புக்கு 'எங்கள் இந்தியா' என்பது பொருள். 'என் கணவர் ஆராய்ந்த இந்தியா' என்று அவர் தலைப்பிடவில்லை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கணவனும் மனைவியுமாக இருவரும் சேர்ந்து எழுதிய நூலும் ஒன்று உண்டு. 1998-இல் ஜப்பானிய மொழியில் வெளிவந்த அந்நூல் கறியைப் பற்றியது! ஜப்பானியர் விரும்பி உண்ணும் உணவுகளுள் 'கரே' ஒன்று. ஆங்கிலேயர் வழியாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது அந்நாட்டுக்குச் சென்றது. ஆயினும் அச்சொல்லின் வேர் நம் 'கறி'யில் இருக்கின்றது. சங்க இலக்கியத்தில் கறி என்பது மிளகையும் குறிக்கும். பின்னர் மிளகிட்டுச் சமைத்த தொடுகறிக்கும் ஆயிற்று. போடியில் ஏலக்காய் மணக்கும் தெருக்களில் நடப்பவர்களுக்கும், குமுளி மலையில் மரமேறிப் படரும் மிளகுக்கொடியைக் கண்டவர்களுக்கும் இந்தச் சொல்லின் பயணம் புதுமையாக இராது. ஆனால் சோழர் நிலவுடைமையைப் பற்றி உலகம் மதிக்கும் நூல்களை எழுதிய ஒருவர், அதே கையால், தம் மனைவியோடு அமர்ந்து, அடுக்களையைப் பற்றியும் எழுதினார் என்பதுதான் எனக்கு வியப்பாகவும் நிறைவாகவும் இருக்கின்றது. படிப்பறைக்கும் அடுப்பங்கரைக்கும் நடுவே அவர் சுவர் எழுப்பவில்லை.

இதை நான் சிறிய செய்தியாகக் கருதவில்லை. ஓர் உழவன் யாரிடம் நிலம் வாங்கினான் என்பது வரலாறு என்றால், அவன் வீட்டில் என்ன சமைத்தார்கள் என்பதும் வரலாறுதான். முதலாவதைச் சொல்லக் கல்வெட்டு போதும். இரண்டாவதைச் சொல்ல, வீட்டில் உடன் வாழ்பவரின் அறிவை அறிவென்று ஏற்கும் பணிவு வேண்டும். நம் குடும்பங்களில் கணவர் பல்கலைக்கழகப் பட்டங்கள் பெற்றவராக இருந்தால், மனைவியின் அறிவு பெரும்பாலும் 'கைப்பக்குவம்' என்ற ஒரே சொல்லோடு அடக்கப்பட்டுவிடுகின்றது. கராஷிமா தம் பெயருக்குப் பக்கத்தில் தம் துணைவியாரின் பெயரையும் அட்டையில் அச்சிட்டார். ஆயிரக்கணக்கான அந்நியர்களின் பெயர்களைக் காப்பாற்றியவர் தம் வீட்டாரின் பெயரை மறக்கவில்லை.

நம் வாசகர்கள் பெருமையோடு நினைக்க வேண்டிய தொடர்பு ஒன்றும் இங்கு உண்டு. உலகத் தமிழாராய்ச்சி மன்றம் 1964 சனவரியில் புதுதில்லியில் தோன்றியது தவத்திரு தனிநாயக அடிகளாரின் முயற்சியால். யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கக் குருவான அவர், தமிழை உலக அறிஞர்களின் பொதுச் செல்வமாக்க நாடு நாடாகச் சென்றவர். மன்றத்தின் முதல் மாநாட்டை 1966-இல் கோலாலம்பூரில் நடத்திக் காட்டினார். அடிகளார் 1980-இல் மறைந்தார். அவர் விதைத்த அந்த மன்றத்துக்கு 1989 முதல் 2010 வரை தலைவராக இருந்தவர் கராஷிமா. 1995-இல் தஞ்சையில் நடந்த எட்டாம் உலகத் தமிழ் மாநாடு அவர் தலைமைக் காலத்தில் நிகழ்ந்தது. தமிழ் தமிழர்க்கு மட்டும் உரியதன்று என்று அடிகளார் கண்ட கனவுக்கு ஒரு ஜப்பானியப் பேராசிரியர் உருக்கொடுத்தார்.

2010-இல் கோவையில் மாநாடு நடத்தத் தமிழக அரசு விரும்பியபோது, அறிஞர்கள் ஆய்வுக்கட்டுரைகளை ஆயத்தம் செய்யப் போதிய காலம் வேண்டும் என்று அவர் உறுதியாகக் கூறினார். அரசு குறித்த நாளுக்கு அவர் இசையவில்லை. மன்றத்தின் துணையின்றியே செம்மொழி மாநாடு என்ற பெயரில் அது 2010 சூனில் நடந்தது. தாம் இசையாததற்கான காரணங்களை நாளிதழில் வெளிப்படையாக எழுதினார்; தலைமைப் பொறுப்பிலிருந்தும் அவர் விலகினார். ஊர்வலங்களின் பெருமையைவிட ஒரு கட்டுரையின் செம்மை அவருக்குப் பெரிதாக இருந்தது. ஒவ்வொரு பெயரையும் இருமுறை சரிபார்த்துத் தொகுத்த மனிதரிடம் வேறெதை எதிர்பார்க்க முடியும்?

இந்திய அரசு 2013-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. உடல்நலம் குன்றியிருந்த அவருக்கு, பிரதமர் மன்மோகன் சிங் அவ்வாண்டு டோக்கியோ சென்றபோது அங்கேயே அதனை அளித்தார். அதன் பின்னும் எழுதுகோலை அவர் கீழே வைக்கவில்லை. தென்னிந்திய வரலாற்றைச் சுருக்கமாகத் தரும் நூலொன்றைப் பல அறிஞர்களோடு சேர்ந்து உருவாக்கி, தாமே பதிப்பாசிரியராக இருந்து 2014-இல் வெளியிட்டார். அடுத்த ஆண்டு அவர் மறைந்தார்.

அவர் கவலையோடு எழுதிய செய்தி ஒன்று உண்டு. கல்வெட்டுகளைப் படிக்கத் தெரிந்தவர்கள் நம் நாட்டில் அருகி வருகின்றனர் என்பதே அது. அக்கவலை இன்றும் தீரவில்லை. திருப்பணி என்ற பெயரில் பழஞ்சுவர்களை மணல் வீசித் தேய்த்ததில் மழுங்கிய எழுத்துகள் எத்தனையோ! மைசூரில் இருந்த தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளைச் சென்னைக்குக் கொண்டுவர வேண்டும் என்று 2021-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட வேண்டியிருந்தது. படிகள் இடம் மாறலாம். அவற்றைப் படிக்கும் கண்கள் வேண்டுமே! மருத்துவமும் பொறியியலும் பயிலும் நம் பிள்ளைகளுள் ஒருவரேனும் வரலாற்றுத் துறையை விரும்பிக் கேட்டால், 'அதைப் படித்து என்ன செய்யப் போகிறாய்?' என்று நாம் மறிக்காதிருக்கலாம்.

கல்வெட்டு படிக்கப் பயிற்சி வேண்டும். வீட்டுப் பெயர்களைக் காப்பதற்கோ ஒரு குறிப்பேடும் ஒரு மாலைப்பொழுதும் போதும். என் தகப்பனார் சொன்ன காட்டுப் பெயர்களையும், பத்திரத்தில் இடம் பெறாத அப்பத்தாவின் பெயரையும், அவர் பிறந்த ஊரையும், அவர் விற்ற நகைகளின் விவரத்தையும் நான் ஒரு குறிப்பேட்டில் எழுதி அந்தத் தகரப் பெட்டியிலேயே வைத்திருக்கின்றேன். என் மனைவி தம் தாய்வழியில் நான்கு தலைமுறைப் பெண்களின் பெயர்களை அதே ஏட்டில் தம் கையாலேயே எழுதினார். அவற்றுள் இரண்டு பெயர்களை எங்கள் பிள்ளைகள் அதுவரை கேட்டதே இல்லை.